பூண்டிக் கல்யாணத்தில் இறங்கிய மேகம்

போன மாதம் காலை நடைக்குப் போனபோது பைன் காட்டில் ஒரு ஜோடியை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே எடுக்கிற படம். இப்போதெல்லாம் கொடைக்கானலுக்கு வருகிற கார்களில் பாதி இதற்காகத்தான் மலையேறுகிறது. பெண் மெல்லிய கவுனில் வெடவெடத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கோட்டு சூட்டில் விறைப்பாக நின்றார். படமெடுக்கிற தம்பி, அவங்க காதில் ஏதாவது சொல்லுங்க பிரதர் என்றார். என்ன சொல்வது என்று மாப்பிள்ளை கேட்டார். எதுவானாலும் சரி, வாய் அசைந்தால் போதும் என்றார் தம்பி. மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதினேழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தார். பாதியில் தப்பு வந்தது. பெண் அதைத் திருத்தினாள், திருத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்துத் தம்பி லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். எனக்குக் கை துறுதுறுவென்று வந்தது.

அப்புறம் அந்தப் படமெடுக்கிற தம்பி என்னை அடையாளம் கண்டுகொண்டார். நாயுடுபுரம் ஸ்டுடியோ அக்காதானே என்று கேட்டு, தன் கூட்டத்துக்கெல்லாம் அறிமுகம் செய்து வைத்தார். ட்ரோன் இல்லை, புகைக் குண்டு இல்லை, அந்த நாளில் முகத்தில் எப்படி உயிர் வரவழைத்தீர்கள் என்று கேட்டார். நின்ற வாக்கில் சொல்லி முடிகிற விஷயமா அது? வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலம் போல வருமா என்று பெருமூச்சு விடுகிற ஆள் நான் இல்லை. பிலிம் ரோலைக் கழுவிப் பார்க்கிற வரைக்கும் படம் விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் கிடந்த நாட்கள் யாருக்கும் வேண்டாம். கேமராவின் முதுகில் திரை வந்த அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன்.

என் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். இந்த மலையில் கேரட் காட்டிலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் கூலி வேலை பார்த்தார்கள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் எனக்கு நாயுடுபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை கிடைத்தது. கழுவிக் காயப்போட்ட படங்களை ஓரம் வெட்டி உறையில் போடுகிற வேலை. அப்போதெல்லாம் மணப்பெண் அலங்காரம் நடக்கிற அறைக்குள் ஆண் போட்டோகிராபரை விடமாட்டார்கள். பெரிய மனுஷியான பெண்ணுக்குச் சடங்கு என்றாலும் அதே கதைதான். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் தாய் கதவை மறித்து நிற்க, ஸ்டுடியோ முதலாளி கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டு, "உள்ள நீ போம்மா, நான் வெளிய நிக்கிறேன்" என்றார். அப்படி உள்ளே போனவள்தான், முட்டி வலி வந்து ஓய்வு பெறுகிற வரைக்கும் வெளியே வரவில்லை.

முதலாளியின் பெயர் தேவசகாயம். நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். தலையில் குரங்குக் குல்லாய், தோளில் சால்வை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். என்ன திட்டுகிறார் என்று கேட்க நாம்தான் பக்கத்தில் போக வேண்டும்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, மாப்பிள்ளை வருவதற்கு முன்பே கேமரா மண்டபத்துக்குள் போய்விட வேண்டும். முகூர்த்தம் விடிந்ததும் என்றால் வெள்ளனே எழுந்து இருட்டோடு கிளம்பிவிடுவோம். இது மலை ஊர்க்காரர்களுக்கு மட்டும் புரிகிற விஷயம். வெளியே எலும்பைக் குத்துகிற குளிர். மண்டபத்துக்குள் ஆள் கூட்டம், அடுப்புப் புகை, ஓமப் புகை, சாம்பார் ஆவி. குளிரிலிருந்து நேராக உள்ளே கொண்டுபோய்த் திறந்தால் லென்சுக்கு வேர்த்துவிடும். துடைக்கத் துடைக்க வேர்க்கும். சமவெளியிலிருந்து வந்த எத்தனையோ நல்ல போட்டோகிராபர்கள் தாலி கட்டுகிற நேரத்தில் துண்டால் லென்சைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். சார் பையைத் திறக்காமல் மண்டபத்து மூலையில் வைப்பார். அது பையோடு சேர்ந்து மெதுவாகச் சூடேற வேண்டும். அதுவரைக்கும் யார் வந்து அவசரப்படுத்தினாலும், "கேமரா இன்னும் எந்திரிக்கலைங்க" என்று சொல்லிவிட்டுக் காபி குடிப்பார்.

இரண்டாவது பழக்கம், அவர் யாரையும் சிரிக்கச் சொன்னதில்லை. சிரியுங்கள் என்றால் மனுஷன் பல்லைக் காட்டுவான், சிரிக்க மாட்டான் என்பார். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு தரம் பார்த்து எல்லாம் சரிசெய்துவிட்டு, அதற்குப் பின்னால் ஒளியாமல் பக்கத்தில் வந்து நிற்பார். கையில் கேமராவிலிருந்து நீளும் ஒயர். அதன் நுனியை அழுத்தினால் படம் விழும். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேட்பார். வாத்தியார் என்றால், வகுப்பில் எந்த மூலையில் சத்தம் அதிகம் வரும் என்று கேட்பார். சமையல்காரர் என்றால், இந்தக் குளிரில் இட்லி மாவு எப்படிப் புளிக்கும் என்பார். எதிரே இருப்பவர் பதில் சொல்கிறபோதும் சார் அழுத்த மாட்டார். வாய் கோணலாக இருக்கும். பதில் முடிந்து, சொன்னது சரிதான் என்று அவர் தனக்குள் ஒரு தரம் நினைத்துக்கொள்கிற அந்தக் கணத்தில் அழுத்துவார். அந்த முகம்தான் அந்த ஆளின் சொந்த முகம். இதைப் பழக எனக்குப் பல வருஷம் ஆனது. கேள்வி கேட்பது சுலபம், அடுத்த கேள்வியைக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம்.

அந்த ஸ்டுடியோவில்தான் என் வீட்டுக்காரரும் கிடைத்தார். பெயர் முருகேசன், செண்பகனூர் போகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர். லைசென்சுக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்தார். எடுத்ததில் கண் மூடியிருந்தது. மறுபடி வரச் சொன்னோம். மறுபடியும் மூடினார். விளக்கைத் தள்ளி வைத்தோம், குறைத்தோம், நெற்றிக்கு நேரே வைத்தோம். மனுஷன் சளைக்காமல் வந்து சளைக்காமல் மூடினார். கடைசியில் சார் என் கையில் ஒயரைக் கொடுத்துவிட்டு, "ஏம்மா, அந்தப் பையன் வெளிச்சத்துக்குக் கண்ண மூடல" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேண்டுமென்றே மூடினாரா என்று கல்யாணத்துக்கு அப்புறம் கேட்டால், முதல் தடவை தானாக மூடியது, மற்றதெல்லாம் நான் மூடியது என்றார். பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கள் கல்யாண ஆல்பம் முழுக்க அவர் தியானத்தில்தான் இருக்கிறார். ஊருக்கெல்லாம் முகம் எடுத்துக் கொடுத்த என் வீட்டில், புருஷன் கண் திறந்த படம் இன்றைக்கும் கிடையாது.

ஆனால் கல்யாணப் போட்டோகிராபர் குடும்பம் நடத்த அப்படி ஒரு ஆள்தான் வேண்டும். முகூர்த்த நாளில் நான் வீட்டில் இருக்க மாட்டேன். சொந்தக்காரர் கல்யாணத்திலும் கழுத்தில் கேமராவோடுதான் நிற்பேன். அவர் மகளுக்குத் தலை பின்னுவார், சோறு வைப்பார், எனக்கு வெந்நீர் போட்டுவைப்பார். உன் சோலி அப்படி என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு இதில் ரொம்பப் பெருமை. வெளியில் காட்டிக்கொண்டதில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

இனி பூண்டிக்கு வருகிறேன். சார் காலமாகி, ஸ்டுடியோ என் பொறுப்புக்கு வந்து, டிஜிட்டல் கேமராவும் வந்துவிட்ட பிறகு நடந்தது இது. பூண்டி கிராமத்திலிருந்து மலர்க்கொடி என்று ஒரு பெண் ஸ்டுடியோவுக்கு வந்தாள். தன் கல்யாணத்துக்குப் படமெடுக்கச் சொல்லிவிட்டுப் போக வந்தவள் போகாமல் உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்று கேட்டதும் விஷயம் வந்தது.

அவளுடைய அப்பா மாடசாமி, சித்தப்பா வேலுச்சாமி. இரண்டு பேருக்கும் பூண்டு, கேரட் விவசாயம். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. மலர் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஓடையிலிருந்து காட்டுக்குத் தண்ணீர் திருப்புவதில் தகராறு வந்து, அன்றிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. பேசாமல் எப்படிப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்க முடியும்? வேலுச்சாமி தன் பசுமாட்டைப் பார்த்து, நாளைக்கு மருந்து அடிக்கப் போறோம், சன்னலைச் சாத்தணும் என்பார். அது மாடசாமி காதில் விழும். பதிலை அவர் மலரிடம் சொல்வார், மலர் கொண்டுபோவாள். அவளுக்கு இரண்டு வீட்டிலும் சோறு. சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை, இவள்தான் பிள்ளை.

"நான் கட்டிக்கிட்டுப் போயிட்டா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஆளே இல்லக்கா" என்றாள். "அப்புறம் அந்த மாடு மட்டுந்தான். மேடையில உங்க பேச்சத்தான் எல்லாரும் கேப்பாங்க. அப்பாவையும் சித்தப்பாவையும் எம்பக்கத்துல நிப்பாட்டி ஒரே ஒரு படம் எடுத்துருங்க."

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. கல்யாண வீட்டில் எல்லாரையும் அதட்ட முடிந்த ஒரே ஆள் போட்டோகிராபர்தான். அமைச்சரையே கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்று சொல்லியிருக்கிறேன். அதனால் ஆகட்டும் என்று ஒத்துக்கொண்டேன். அவள் போன பிறகுதான் பயம் வந்தது. என் பேச்சைக் கேட்டு ஒருவர் மேடையேறி, இன்னொருவர் இறங்கிப் போய்விட்டால், பிறந்த வீட்டில் கடைசி நாள் அந்தப் பெண்ணுக்கு எப்படி முடியும்?

கல்யாணம் அவர்கள் வீட்டு முன்னால் திடலில். மேலே தகரம், சுற்றிலும் திறந்த பந்தல். பெண்ணின் அம்மா எப்படியோ இரண்டு பக்கமும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார். குடும்பப் படத்துக்கு இருவரும் மேடையேறுவார்கள். ஆனால் அப்பா வலது கோடி, சித்தப்பா இடது கோடி. நடுவில் சொந்தபந்தம் அத்தனையும். சரி, ஒரே படத்துக்குள் வந்தால் போதும் என்று நானும் நினைத்தேன்.

தாலி கட்டி முடிந்த கையோடு மேகம் இறங்கியது. மலைக்குப் புதியவர்கள் மூடுபனி என்று சொல்வதை நாங்கள் மேகம் என்றுதான் சொல்வோம். பள்ளத்திலிருந்து ஏறிவந்து பந்தலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. பந்திக்குப் போனவர்கள் வாழை இலையைத் தடவிக் கண்டுபிடித்தார்கள். மேகத்தில் ஃபிளாஷ் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பின மாதிரி ஆகிவிடும், ஒன்றும் விழாது. அதை அணைத்துவிட்டுக் குடும்பத்தை நிறுத்திப் படமெடுத்தேன். திரையில் பார்த்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். அவர்களை ஒட்டி நின்றவர்கள் மங்கலாக இருந்தார்கள். இரண்டு கோடியிலும் வேட்டி மட்டும் நின்றது.

கேமராவைக் கொண்டுபோய் ஆளாளுக்குக் காட்டினேன். தள்ளி நின்றால் படத்தில் இருக்க மாட்டீர்கள், நெருங்கி நில்லுங்கள் என்றேன். சொந்தபந்தம் நெருங்கியது. மாடசாமியும் வேலுச்சாமியும் அசையவில்லை. முதலில் நகர்ந்தவன் தோற்றவன் என்று இரண்டு பேர் மனதிலும் ஒரே கணக்கு. மாடசாமி சம்பந்தியைப் பார்த்து, "அந்தப் பக்கம் நிக்கிறவுக மொதல்ல வரட்டும்" என்றார். வேலுச்சாமி குத்துவிளக்கைப் பார்த்து, "பொண்ணப் பெத்தவுகளுக்குத்தான் அவசரம்" என்றார்.

மலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது, மை கரைய வேண்டியதுதான் பாக்கி. மாப்பிள்ளை வீட்டார் நல்ல நேரத்துக்குள் கிளம்ப வேண்டும் என்று முணுமுணுத்தார்கள். பெண்ணின் அம்மா என் காதருகே வந்து, "விட்டுருங்கக்கா, வெரசா முடிச்சிருங்க" என்றார். எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. அதட்டலாம், ஆனால் அதட்டினால் ஒருவர் இறங்கிவிடுவார் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

கேமராவை ஸ்டாண்டில் பூட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் ஒயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றேன். யோசித்துச் செய்த தந்திரம் என்று சொன்னால் பொய். எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. விலகுகிற மேகம் என்றால் கொஞ்சம் பொறுத்து எடுக்கலாம். அதனால் பொதுவாகக் கேட்டேன், "இந்த மேகம் எப்ப வெலகும்?"

மாடசாமி மேட்டுப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். "உச்சிப் பொழுதுக்குள்ள வெலகிரும். மேல காத்து இருக்கு" என்றார்.

வேலுச்சாமிக்குப் பொறுக்கவில்லை. முதலில் குத்துவிளக்கிடம்தான் சொன்னார். "வெலகாது. ஓடைப் பக்கமிருந்து ஏறுற மேகம். பொழுது சாயுற வரைக்கும் இப்படியேதான் கெடக்கும்."

"ஓடைப் பக்கமா? இது பள்ளத்து மேகம்" என்றபடி மாடசாமி ஓர் எட்டு நடுப்பக்கம் வந்தார், அண்ணாந்து பார்க்க வசதியாக.

வேலுச்சாமியும் வந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து மேடு தெரியாது, பந்தல் தகரம் மறைத்தது. பெண்ணுக்குப் பின்னால் நின்றால்தான் நன்றாகத் தெரியும். இரண்டு பேரும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

"ஏலே, அந்த மரத்துத் தலையப் பாரு. அசையுதா இல்லயா?" என்று மாடசாமி கையை நீட்டிக் கேட்டார்.

"அசையத்தான் செய்யும். எந்தப் பக்கம் அசையுதுன்னு பாருண்ணே" என்றார் தம்பி.

இப்போது நடுவில் குத்துவிளக்கும் இல்லை, சம்பந்தியும் இல்லை. மலர் அவர்கள் இருவரின் கைக்கும் கீழே நின்று, நிமிர்ந்து இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். அப்படியே சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிகிறது, வாயெல்லாம் சிரிப்பு. நான் அழுத்தினேன்.

அந்தப் படத்தில் கேமராவைப் பார்க்கிறவர் ஒருவர்கூட இல்லை. இரண்டு பேரும் மேகத்துக்குள், படத்தில் விழாத ஒரு மரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை எதுவும் புரியாமல் அவர்கள் காட்டுகிற திசையைத் தேடுகிறார். சுற்றி முழுக்க வெள்ளை. என் தொழிலில் நான் எடுத்த நல்ல படம் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு நடந்தது அதைவிட வேடிக்கை. பக்கத்தில் பக்கத்தில் நிற்பது இருவருக்கும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. திரும்பிப் போக வேண்டியதுதானே? போகவில்லை. முதலில் பின்வாங்கியவன் தோற்றவன் ஆகிவிடுவானே. முன்னால் வர விடாத அதே வீம்பு இப்போது பின்னால் போகவும் விடவில்லை. விறைத்துக்கொண்டு தோளோடு தோளாக அங்கேயே நின்றார்கள். முறையாக எல்லாரும் கேமராவைப் பார்க்கிற படத்தையும் அப்படியே எடுத்து முடித்தேன். அதில் எல்லாரும் ரேஷன் கார்டுப் படத்துக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள்.

மேகம் விலகியதா என்று கேட்பீர்கள். சாமான்களை ஜீப்பில் ஏற்றும்போது நான் பார்த்தேன். உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் மேடு பளிச்சென்று தெரிந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் மறுபடி மூடிக்கொண்டு, பொழுது சாய்ந்து நான் கிளம்புகிற வரைக்கும் அப்படியே கிடந்தது.

மலரின் மகனுக்குக் காது குத்துப் படம் எடுக்க அப்புறம் ஒரு தரம் பூண்டி போனேன். சுவருக்கு இந்தப் பக்க வீட்டிலும் அந்தப் பக்க வீட்டிலும் அதே படம் மாட்டியிருந்தது. ஓடைத் தண்ணீர்த் தகராறு தீர்ந்துவிட்டதா என்று மலரிடம் மெதுவாகக் கேட்டேன். எங்கே தீர்ந்தது, தினமும் சண்டைதான், ஆனால் நேருக்கு நேராகப் போட்டுக்கொள்கிறார்கள், மாட்டுக்குத்தான் நிம்மதி என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த திருப்தியைப் படமெடுக்காமல் விட்டது எனக்கு இன்னும் வருத்தம்.

காது குத்தி, பிள்ளை அழுது ஓய்ந்த பிறகு, அண்ணனும் தம்பியும் என்னை அந்தப் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அன்றைக்கு மேகம் உச்சிக்குள் விலகியது என்று அண்ணன் சொன்னார். விலகவே இல்லை என்று தம்பி சொன்னார். மகள் கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே வழக்குத்தான் என்று வேலுச்சாமியின் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்கக்கா. நீங்கதான அன்னைக்கு அங்கன நின்னீங்க" என்றார் மாடசாமி.

எனக்குப் பதில் தெரியும். இரண்டு பேர் சொன்னதும் பாதி சரி, சொன்னால் அந்த நிமிஷமே வழக்கு முடிந்துவிடும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்ற மலர் என்னைப் பார்த்து, மெல்லத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள்.

"நான் உங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். மேகத்த யாரு பாத்தா?" என்றேன்.

இரண்டு பேருக்கும் அப்படி ஒரு நிம்மதி. என்னை அங்கேயே விட்டுவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.